பதினொரு பீப்பாவும் ஒரு கையொப்பமும்

வைன் செய்கிறவனுக்கு வேலை வருசத்தில் சில கிழமைகள்தான். பயம் ஐம்பத்திரண்டு கிழமையும். பாத்திரமொன்றில் எதையாவது போட்டு, வாயைக் கட்டிவிட்டு, உள்ளே என்ன நடக்கிறதோ என்று சுற்றிச் சுற்றி வந்த அனுபவம் உங்களுக்கும் இருக்கும். ஊறுகாய் போட்டவர்கள், அடைகாக்கும் கோழியை நாளுக்கு நாலு தரம் எட்டிப் பார்த்தவர்கள், மகளின் சோதனை முடிவுக்குக் காத்திருந்தவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வருசம்

எனக்கு வயது அறுபத்தாறு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. தெல்லிப்பழைப் பக்கத்தில் ஒன்பது பரப்புத் தோட்டம் இருக்கிறது. அதில் நான்கு பரப்பு முந்திரிகைப் பந்தல். திராட்சையை நாங்கள் முந்திரிகை என்போம். ஒரு வருசம், பழம் எடுக்க வருகிற லொறி வரவில்லை. பழம் கொடியிலேயே வெடிக்கத் தொடங்கியது. பக்கத்து ஊர்க் கத்தோலிக்கக் கோயிலில் பாதிரியாராக இருந்த மரியநாயகம் சுவாமி அதைப் பார்த்துவிட்டு, "பூசைக்கு வைன் தூர இடத்திலையிருந்துதான் வருது. நீங்கள் செய்து பாருங்கோவன்" என்றார். தட்டச்சில் அடித்த பதினாறு பக்கப் புத்தகம் ஒன்றைத் தந்து, கோயில் வளவில் சும்மா கிடந்த ஓட்டுக் கட்டடத்தையும் திறந்துவிட்டார். நான் சைவன், தேவாரம் பாடுகிற குடும்பம், கள்ளைக்கூடத் தொட்டதில்லை என்று சொல்ல வாய் வரவில்லை. எனக்குக் கூச்சம் அதிகம். தலையாட்டிவிட்டேன்.

அந்தப் புத்தகத்தின் ஒன்பதாம் பக்கத்தில் "குளிர்ந்த இடத்தில் வைக்கவும்" என்றிருந்தது. யாழ்ப்பாணத்தில் ஆவணி மாதம் குளிர்ந்த இடம் எது என்று அதில் எழுதியிருக்கவில்லை. இரண்டு பீப்பா போட்டேன். நாற்பத்தோராம் நாள் மூடியைத் திறந்தபோது காடி நெடியில் எனக்கும் சுவாமிக்கும் கண் எரிந்தது. சுவாமி விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். என் முகத்தையும் பார்த்தார். பிறகு ஆறுதலாகச் சொன்னார்: "அண்ணை, இது வைன் இல்லை. ஆனா ஊறுகாய்க்கு இதைவிட நல்ல வினாகிரி கிடையாது."

ஒரு வரி

மூன்றாம் வருசம் வைன் வைனாகவே வந்தது. எட்டுக் கோயில்கள் கேட்டன. அதோடு ஒரு கடிதமும் கேட்டார்கள். வைன் வெளியே போகுமுன் ஒவ்வொரு வருசமும் நான் என் கையால் எழுதி ஒப்பமிட்டுக் கொடுக்க வேண்டும். ஒரே ஒரு வரிதான்: "இந்த வைனில் முந்திரிகைச் சாறு தவிர வேறு எதுவும் சேர்க்கப்படவில்லை." சீனி கூடாது, தண்ணீர் கூடாது, நிறத்துக்கும் மணத்துக்கும் ஒன்றும் கூடாது.

அதில் ஒப்பமிடுமுன் மூன்று தரம் வாசிப்பேன். பிறகு நாளுக்கு நாள் குறித்து வைக்கிற என் கொப்பியைத் திறந்து, பழம் கழுவிய நாளிலிருந்து எல்லாவற்றையும் ஒருமுறை பார்ப்பேன். என் கடவுளாக இருந்தால் கையெடுத்து மன்னிப்புக் கேட்கலாம். மற்றவர்களுடைய கடவுளிடம் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியாது. முதல் கடிதத்தைக் கொடுத்தபோதே, இந்த வரி தப்பித் தவறிப் பொய்யாகிவிட்டால் என்னாகும் என்று சுவாமியிடம் கேட்டேன். அவர் சாதாரணமாகச் சொன்னார்: "கலப்பெண்டால் பூசை பூசையில்லை, அண்ணை. நீங்கள் உதுகளை யோசிக்காதேங்கோ."

வெள்ளிக்கிழமை

வைனை நான் வாயில் வைத்துத் துப்பிவிடுவேன். விழுங்குவதில்லை. வெள்ளிக்கிழமை விரதம் என்பதால் வாயிலேயே வைப்பதில்லை. ஆனால் பீப்பாவுக்கு வெள்ளிக்கிழமை தெரியாது. அது பாட்டுக்கு நுரைக்கும், புளிக்கும், மாறும். அன்றைக்கு மட்டும் கோயில் சங்கிலித்தாம் பிலிப்புவைக் கூப்பிடுவேன். பூசைச் சாமான்களைப் பார்த்துக்கொள்கிறவர் அவர். எனக்கு ஆறு வயது இளையவர்.

நான் பேணியையும் கொப்பியையும் வைத்துக்கொண்டு நிற்க, அவர் ஒரு வாய் குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார். "இனிப்போ, புளிப்போ, கைப்போ?" என்று கேட்பேன். "பொறுங்கோ" என்பார். ஏதோ பழுதுதான், என் மனம் நோகக்கூடாதென்று சொல்லாமல் நிற்கிறார் என்று நினைப்பேன். மூன்றாம் பேணிக்குப் பிறகும் எனக்கு விடை கிடைக்காது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என் கொப்பியில் அவர் பேருக்கு நேரே ஒரே வாக்கியம்தான் எழுதியிருக்கிறது: "அண்ணை, இன்னொருக்காப் பாத்தால்தான் சரியாச் சொல்லேலும்."

ஐஸ்

சாறு நுரைக்கும்போது தானாகவே சூடாகும். வெளியேயும் சூடு, உள்ளேயும் சூடு. ஒரு வருசம் பீப்பாவில் வெப்பமானியை விட்டுப் பார்த்தால், ஆளாக இருந்தால் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டிய அளவு காட்டியது. சைக்கிளை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு ஓடி, அங்கிருந்து கொழும்புத்துறைக்குப் போனேன். மீனுக்கு ஐஸ் விற்கிற ஞானம் என்பவரின் வாடியில் ஆறு கட்டி ஐஸ் கேட்டேன். எடுக்குமுன், அதை வைத்த பெட்டியை மணந்து பார்க்கலாமா என்றும் கேட்டேன். மீன் மணம் வைனில் ஏறிவிடுமோ என்ற பயம். கேட்கும்போதே எனக்கு வெட்கமாக இருந்தது.

அங்கே நின்ற நாலைந்து பேரும் வேலையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தார்கள். "மீன் எங்கை ஐயா?" என்றார் ஞானம். மீன் இல்லை, பீப்பா என்றேன். ஐஸை உள்ளே போடமாட்டேன், வெளியே சாக்கால் சுற்றிக் கட்டுவேன் என்று விளக்கமும் சொன்னேன். அவர் ஆறு கட்டியையும் மரத்தூள் போட்டு ஓட்டோவில் ஏற்றிவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: "ஐயா, நான் மீனுக்கு ஐஸ் குடுத்திருக்கிறன், செத்த வீட்டுக்குக் குடுத்திருக்கிறன்; காய்ச்சல் பிடிச்ச பீப்பாவுக்குக் குடுக்கிறது இதுதான் முதல் தரம்."

புளிப்பு

எங்கள் பழத்தில் இனிப்புக் குறைவு. சீனி போடாமல் செய்தால் வைன் கொஞ்சம் புளிக்கத்தான் செய்யும். பழத்தை இன்னும் நாலு நாள் கொடியில் விட்டால் இனிப்புக் கூடும். ஆனால் அந்த நாலு நாளில் ஒரு மழை பெய்தால் பழம் வெடிக்கும். கொடி வெட்டி நூற்றுப்பத்தாம் நாளிலிருந்து நான் வானத்தைப் பார்த்தபடியே நடப்பேன். இரண்டு தரம் வாய்க்காலுக்குள் விழுந்திருக்கிறேன்.

எட்டுக் கோயில்களில் ஒன்றின் சுவாமியார் மிகவும் வயதானவர், நல்ல மனிதர். ஒருநாள் என்னைத் தனியே கூப்பிட்டார். புளிப்பைப் பற்றித்தான் என்று எனக்கு விளங்கிவிட்டது. குறை சொல்லப் போகிறார், அதற்கு நான் என்ன மறுமொழி சொல்வது, சீனி போடச் சொன்னால் எப்படி மறுப்பது என்றெல்லாம் பத்தடி நடப்பதற்குள் யோசித்து வியர்த்துப் போனேன். அவர் என் தோளில் கை போட்டுக் காதுக்குள் சொன்னார்: "ஒண்டும் போடாதேங்கோ, அப்பிடியே இருக்கட்டும். ஆனா பூசை முடிய, சனத்தைப் பாத்துச் சிரிக்கேலாமல் கிடக்கு."

ஆடி அமாவாசை

பன்னிரண்டு கடிதங்களில் ஒப்பமிட்டாயிற்று. பதின்மூன்றாவது கடிதத்து வருசம்தான் என்னை மாட்டிவிட்டது. அந்த வருசம் பதினொரு பீப்பா. உதவிக்கு ராசு வந்திருந்தார். நாற்பது வருசம் பனையேறி, முழங்கால் பழுதாகி மரத்தால் இறங்கியவர். பந்தல் வேலையில் அவரைப்போல் கவனமான ஆளை நான் கண்டதில்லை. ஆனால் வைன் நுரைப்பதை அவர் அதுவரை பார்த்ததில்லை. ஆடி அமாவாசைக்கு நான் கீரிமலைக்குப் போக வேண்டும். அப்பாவுக்குச் செய்கிற கடமையைத் தள்ளிப்போட முடியாது. சாறு பிழிந்து நாலாம் நாள். காலையில் எல்லாப் பீப்பாவிலும் நுரையின் உயரத்தை விரலால் அளந்து எழுதினேன். மூன்றாம், ஆறாம், ஏழாம் பீப்பாக்களில் எட்டு விரல். மற்றவற்றில் ஐந்து, ஆறு. "பத்து மணிக்கு ஒருக்காத் தடியாலை கிண்டி விடுங்கோ. ஒண்டும் பழுதாக விடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனேன்.

தீர்த்தமாடிவிட்டு ஒரு மணிக்குத் திரும்பி வந்தேன். அந்த மூன்று பீப்பாவிலும் நுரையே இல்லை. காதை வைத்துக் கேட்டேன், சத்தமில்லை. கரையில் நிறம் மாறி, பள்ளிக்கூட மைப்போத்தல் நீலத்தில் இருந்தது. ராசு சிரித்துக்கொண்டு வந்தார்.

பனங் கருப்பணி, அதாவது பதநீர், இறக்குகிறவர்கள் மண் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள். பூசினால் கருப்பணி இனிப்பாகவே இருக்கும். பூசாவிட்டால் நுரைத்துக் கள்ளாகிவிடும். நாற்பது வருசம் அந்தச் சுண்ணாம்பைப் பூசிய கை அது. நான் ஒன்றும் கேட்குமுன்பே அவர் சொன்னார்: "உந்த மூண்டும் பொங்கி வழியப் பாத்துது, அண்ணை. ஒவ்வொரு பிடி சுண்ணாம்பு கரைச்சு விட்டனான். நான் இல்லாட்டி எல்லாம் கள்ளாப் போயிருக்கும்."

தடி

மூன்று பீப்பா போனால் போகட்டும், எட்டு மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டு கொப்பியில் எழுதப் போனேன். அப்போதுதான் சுவரில் சாத்தியிருந்த தடி கண்ணில் பட்டது. தடி ஒன்றுதான். அதன் நுனியில் வெள்ளையாக ஒட்டியிருந்தது.

எந்தப் பீப்பாவில் தொடங்கினீர்கள் என்று கேட்டேன். வாசலிலிருந்து வரிசையாக என்றார். ஒன்று, இரண்டு. பிறகு மூன்றில் சுண்ணாம்பு. அதே தடி நாலுக்கும் ஐந்துக்கும். ஆறிலும் ஏழிலும் மறுபடி சுண்ணாம்பு. பிறகு எட்டிலிருந்து பதினொன்று வரை. சுண்ணாம்பு விழுந்தவை மூன்று, தடி தொட்டவை ஆறு, சுத்தமென்று சத்தியம் செய்யக்கூடியவை முதல் இரண்டு மட்டும். இடையில் தடியைக் கழுவினீர்களா என்று கேட்டேன், கழுவியிருக்க வேண்டுமே என்று நேர்ந்துகொண்டு. ராசு மனம் நொந்தவராகத் தோளிலிருந்த சால்வையை எடுத்துக் காட்டினார். அதிலும் வெள்ளை. "என்னண்ணை, என்னைப் பற்றி என்ன நினைச்சியள்? ஒவ்வொருக்காவும் வடிவாத் துடைச்சுப்போட்டுத்தானே விட்டனான்."

வெற்றிலை

மூன்று நாள் நான் யாரிடமும் சொல்லவில்லை. நாலாம் நாள் என் மனைவி சரசுவிடம் சொன்னேன். பழம் நெரிக்க ஒவ்வொரு வருசமும் அவளும்தான் வருவாள். ஆகவே அவளும் இந்தத் தொழிலில் கூட்டாளி. தடியில் ஒட்டியது எவ்வளவு இருக்கும், ஒரு கடலை அளவா, இரண்டு கடலை அளவா, அது ஆறு பீப்பாவுக்குப் பிரிந்தால் எவ்வளவு என்று நான் கணக்குச் சொல்லிக்கொண்டே போக, அவள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தாள்.

என் மனத்தை ஆற்றத்தான் சொன்னாள் என்று இன்றைக்கும் நம்புகிறேன். ஆனால் அவள் சொன்னதைக் கேட்ட பிறகு, போட்ட பன்னிரண்டு ஒப்பமும் என் கண் முன்னே வரிசையாக வந்து நின்றன. அன்றோடு நான் வெற்றிலையை விட்டேன். அவள் தலையை நிமிர்த்தாமலே கேட்டாள்: "இஞ்சருங்கோ, பன்னிரண்டு வருசமா நீங்கள் வெத்திலைக்குச் சுண்ணாம்பு தடவின கையாலைதானே பழம் நெரிச்சனீங்கள், அது என்ன சந்தனமோ?"

ராசு வீட்டில்

ஐந்தாம் நாள் ராசு வேலைக்கு வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. சரசுவிடம் கேள்விப்பட்ட பிலிப்பு அவரிடம் போய் விசயத்தை விளக்கியிருக்கிறார். மூன்று பீப்பாவைக் கெடுத்துவிட்டீர் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு இன்னொரு பயம் சேர்ந்தது. அவர் செய்தது பிழையில்லை. பழுதாக விடாதேங்கோ என்று சொன்னது நான். எது பழுது என்று சொல்லாததும் நான்.

அவர் வீட்டுப் படலையில் கொஞ்ச நேரம் நின்றேன். என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. நாய்தான் குரைத்து என்னை உள்ளே அறிவித்தது. ராசு வந்து என்னைப் பார்க்காமல் வேலியைப் பார்த்தபடி நின்றார். "நாளைக்குப் பந்தலுக்குத் தண்ணி விடவேணும்" என்றேன். அதுதான் எனக்குத் தெரிந்த மன்னிப்பு. அவருக்கு அது விளங்கியது. வேலியை விட்டு என் பக்கம் திரும்பிச் சொன்னார்: "நாப்பது வருசம் பொங்கிறதை நிப்பாட்டினனான். பொங்க விடுறதுக்கும் ஒரு ஆள் காவல் நிக்கும் எண்டு ஆர் கண்டது, அண்ணை?"

பதில்

பத்தாம் நாள் மரியநாயகம் சுவாமியிடம் போனேன். ஒரு வரிக் கடிதத்துக்குப் பதிலாக ஏழு பக்கம் எழுதிக்கொண்டு போனேன். பீப்பா பீப்பாவாக, விரல் கணக்கு, தடி போன வரிசை, சால்வை, வெற்றிலை எல்லாம் அதில் இருந்தன. ராசுவின் பேர் இல்லை. "நான் சரியாகச் சொல்லாததால்" என்று எழுதியிருந்தேன். சுவாமி முழுவதையும் வாசித்தார். ஆறாம் பக்கத்தில் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டார். இருமல் என்று நினைத்தேன். வெற்றிலைக் கைக்கு ஒன்றும் ஆகாது, சுண்ணாம்பு விழுந்த மூன்றும் வேண்டாம், தடி தொட்ட ஆறுக்கும் மேலிடத்தில் கேட்டுச் சொல்கிறேன் என்றார்.

மேலிடத்தில் ஓம் என்றால் போதும், இல்லை என்றாலும் போதும் என்று பதினாறு நாள் காத்திருந்தேன். இரண்டும் வரவில்லை. தடியில் ஒட்டிய அளவால் வைன் கெடாது என்று எழுதியிருந்தார்கள். ஆனால் செய்தவர் மனச்சாட்சிப்படி ஒப்பமிட்டால்தான் எடுக்கலாம் என்று வந்தது. பயந்தவனுடைய கையிலேயே தராசைக் கொடுத்துவிட்டார்கள். சுவாமி அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னார்: "அண்ணை, உங்கடை மனச்சாட்சியை அவைக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தால் உப்பிடி எழுதியிருக்க மாட்டினம்."

இரண்டு பீப்பா

முதல் இரண்டு பீப்பாவுக்கு மட்டும் ஒப்பமிட்டேன். தடி தொட்ட ஆறும் சாதாரண வைனாகப் போத்தலில் விலைக்குப் போயிற்று. குடித்தவர்கள் நல்லது என்றார்கள். சக்கை, மண்டி கழித்து, அந்த இரண்டிலும் எண்பது லீற்றர் வந்தது. பூசைக்கு ஐந்து தேக்கரண்டி, நாளுக்கு ஒரு பூசை, எட்டுக் கோயில், ஒரு வருசம்: எழுபத்துமூன்று லீற்றர். திருநாள்களுக்கு ஏழு லீற்றர் மிச்சம். மாற்று இல்லை. இரண்டில் ஒன்று புளித்தாலும் பாதி வருசத்துக்கு எட்டுக் கோயிலும் கையேந்த வேண்டும். மார்கழி வரை நாலு மாதமும் நான் தோட்டத்துக்குப் போகிற வழியில், திரும்புகிற வழியில், சந்தைக்குப் போகிற சாட்டில் அந்தக் கட்டடத்தைத் திறந்து மணந்து பார்த்தேன். காற்றுப் படக்கூடாதென்று எனக்கே தெரியும். அதனால் திறந்ததற்காகவும் பயந்தேன்.

மார்கழியில் ஒரு ஞாயிறு முதல் போத்தல் பூசைக்குப் போனது. நான் திருநீற்றோடு கோயிலில் சனம் இருக்கிற கடைசி வாங்குக்குப் பின்னால் நின்றேன். எல்லோரும் முழந்தாளிட, நான் மட்டும் நின்றது அப்போது எனக்குத் தெரியவில்லை. சுவாமி கிண்ணத்தை வாயில் வைத்தார். நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. நாலில் அவர் நெற்றி சுருங்கியது. ஐந்தில் கண்ணைத் திறந்து நேரே என்னைப் பார்த்தார். ஆறு, ஏழு. எனக்குக் கண் இருண்டது, வாங்கைப் பிடித்துக்கொண்டேன். பூசை முடியும்வரை பதினாறு வகையான பழுதை யோசித்து, பதினாறுக்கும் காரணம் என்னிடம்தான் என்று கண்டுபிடித்தேன். வாசலில் சனம் கலைந்த பிறகு சுவாமி நேரே என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து, தணிந்த குரலில் சொன்னார்: "வைன் நல்லாயிருக்கு. ஆனா இனி நான் குடிக்கேக்கை எதிரிலை நிக்காதேங்கோ, அண்ணை. ஆண்டவரை விட்டிட்டு, உங்களுக்கு ஏதும் வருத்தமோ எண்டு யோசிச்சுப்போட்டன்."

முந்திரிகைச் சாறு தன் பாட்டில் வைனாகிவிடுகிறது, பக்கத்தில் நின்று பார்க்கிறவன்தான் வருசத்துக்கு ஒருமுறை வினாகிரியாகிறான்.